அடித்து ஆடினால் ஜெயிக்கலாமா? நோ-லிமிட் போக்கரில் ஓயாத ரெய்ஸ்

#1 பட்டன்பிரியன்

நோ-லிமிட் ஹோல்டெமில் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு கிடையாது) இரண்டு வருடமாக அடக்கி வாசித்தவன் நான். நல்ல சீட்டு வந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. பெரிய நஷ்டம் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி லாபமும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வெறி வந்து ஆட்டத்தையே தலைகீழாகப் புரட்டிப் போட்டேன். பட்டனில், அதாவது கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில், உட்கார்ந்தால் எந்தச் சீட்டாக இருந்தாலும் ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது). முன்னால் யாராவது ரெய்ஸ் செய்திருந்தால் அதற்கும் மேல் ஏற்றும் த்ரீ-பெட். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) கட்டாயம் ஒரு பந்தயம், டர்னில் (நான்காவது சீட்டு) இன்னொன்று.

முதல் ஐந்து வாரம் பணம் கொட்டியது. என்னைப் பார்த்தாலே ஆட்களுக்கு எரிச்சல். ஆறாவது வாரத்தில் அடி விழ ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. வந்ததெல்லாம் போய், கைக்காசும் கொஞ்சம் போயிருக்கிறது. நேற்று போன ஒரு கையை அப்படியே எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஆறு பேர் மேசை, எல்லோரிடமும் நூறு பிக் பிளைண்ட் (சீட்டு வரும்முன் கட்டும் கட்டாயப் பந்தயம்; கீழே எல்லாத் தொகையும் அந்த அளவில்). எனக்கு வலப்பக்கம் நிதானமான ஆள் ஒருவர், பல நாளாகத் தெரிந்தவர். அவர் 3 பிளைண்டுக்கு ரெய்ஸ். நான் பட்டனில், டைமண்டில் ஏஸும் ஐந்தும். 10 ஆக்கினேன். மற்றவர்கள் விலக, அவர் மட்டும் கால், அதாவது அதே அளவு கட்டினார். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 21.5.

ஃப்ளாப் கிங், எட்டு, நான்கு, மூன்றும் மூன்று ஜாதி. அவர் செக், பந்தயம் இல்லாமல் கடத்தினார். நான் 7 போட்டேன். கால். டர்னில் டைமண்டில் ஒரு இரண்டு. செக். மூன்று வந்தால் எனக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு). 25 போட்டேன். கொஞ்சம் யோசித்து கால். பாட் 85.5. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) இன்னொரு எட்டு. செக். மீதி இருந்த 58ஐயும் தள்ளினேன். ஒரு நிமிடம் சீட்டையே பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், கால். கிங்-ஜாக்.

ஆல்-இன்னுக்கு வெறும் ஒரு ஜோடியோடு எப்படிக் கால் செய்தார்? அவர் கிறுக்கா, நான் கிறுக்கா?

#2 கல்பாறை

அவர் கிறுக்கு இல்லை.

தம்பி, அவர் கிங் ஜோடி பிடித்த ஆள். ஃப்ளாப்பில் விடவில்லை, டர்னில் விடவில்லை. ரிவரில் எட்டு இரண்டாவது தடவை விழுந்ததால் அவருக்கு என்ன பயம் புதிதாக வந்துவிடும்? உன் கதையில் ஒன்றும் மாறவில்லை, சத்தம் மட்டும் கூடியது. நீ போட்டது அவருடைய சீட்டைப் பார்த்து இல்லை, "இரண்டு தடவை போட்டாயிற்று, மூன்றாவதையும் போட்டால்தான் மரியாதை" என்று போட்டது. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. அன்று மாலை அதற்கு முன்னால் ஏதாவது பிளஃபை, குப்பைச் சீட்டோடு மிரட்டியதை, திறந்து காட்டினாயா?

#3 மூன்றாம்தெரு

கல்பாறை அண்ணன் வந்தால் இழை முழுக்க "சும்மா இரு" என்று முடிந்துவிடும், அதனால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தில் பாட்டை எடுக்க இரண்டே வழி. கடைசியில் நல்ல சீட்டைக் காட்ட வேண்டும், அல்லது எதிராளி சீட்டைப் போட்டுவிட்டு விலக வேண்டும். செக், கால் என்றே போகிறவனுக்கு முதல் வழி மட்டும்தான். அடிக்கிறவனுக்கு இரண்டும். வாதம் அவ்வளவுதான், மீதியெல்லாம் விவரம்.

ஸ்டூ உங்கர் 1980, 1981, 1997 என்று மூன்று முறை போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியை வென்றவர். அவர் சீட்டுக்காகக் காத்திருந்த ஆள் இல்லை. 2003இல் அதே போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் சாம் ஃபர்ஹாவோடு தனியாக மோதிய அந்தக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேக்கரிடம் கிங்-ஏழு. டர்னில் ஃப்ளஷுக்கும் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) வாய்ப்பு, ஸ்ட்ரெய்ட்டுக்கும் வாய்ப்பு. ரிவரில் இரண்டும் வரவில்லை. அப்படியே ஆல்-இன். ஃபர்ஹாவிடம் ஒன்பதுகள், மேசையில் அதுதான் உயர்ந்த ஜோடி. ஃப்ளஷ் வராமல் போயிருக்கும் என்று சரியாக ஊகித்தும் சீட்டைப் போட்டார். தம்பியின் எதிராளியும் அதே நிலைமையில்தான் இருந்தார், ஆனால் போடவில்லை. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

தொழில்முறை ஆட்டக்காரர் டாம் டுவானின் அந்தப் புகழ்பெற்ற கை வேறு இருக்கிறது. பாரி கிரீன்ஸ்டீனிடம் இரண்டு ஏஸ், பீட்டர் ஈஸ்ட்கேட்டிடம் மூன்று இரண்டுகள், டுவானிடம் வெறும் ஒரு ஜோடி பத்து. மூவரில் மோசமான சீட்டு அவருடையதுதான். டர்னில் பெரிதாகப் பந்தயம் போட்டார், இரண்டு பேரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். காத்திருப்பவனுக்கு இந்தப் பாட் கிடைக்குமா?

#4 கல்பாறை

கிடைக்காது. ஆனால் எதிரில் இருந்தது யார் என்று பார். ஏஸ் ஜோடியையே தூக்கிப் போடத் தெரிந்த கிரீன்ஸ்டீன். 2008இன் உலக சாம்பியன் ஈஸ்ட்கேட். சீட்டைப் போடத் தெரிந்தவனிடம்தான் பிளஃப் செல்லும். நம் மேசையில் ஏஸ் ஜோடி வந்தவனைப் பீரங்கி வைத்தாலும் நகர்த்த முடியாது.

அடித்து ஆடுகிறவர்களின் வரலாற்றில் ஜெயித்த கைகளை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். கஸ் ஹேன்சன் 2007இல் ஆஸி மில்லியன்ஸ் போட்டியை வென்றார், யாரும் தொடாத சீட்டையெல்லாம் ஆடுவார், பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கும். அதே ஆள் இணைய மேசைகளில் விட்டது 2 கோடி டாலருக்கு மேல். 2009 டிசம்பரில், இதே மாதிரி அடித்து ஆடும் விக்டர் ப்ளோம் ஒரே அமர்வில் பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் சுமார் 42 லட்சம் டாலர் இழந்தார்.

#5 மூன்றாம்தெரு

ப்ளோம் இழந்தது பாட்-லிமிட் ஒமாஹாவில் அண்ணா. கையில் நான்கு சீட்டு, பந்தயம் பாட் அளவைத் தாண்டாது, அது வேறு ஆட்டம். அதற்கு முந்தைய மாதம் நோ-லிமிட்டில் டுவானிடமிருந்து அவர் லட்சக்கணக்கில் வாரியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

#6 கல்பாறை

சரி, ஒமாஹாதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதில் முக்கியம் வேறு. ப்ளோமின் பழைய கைகளை நண்பர்களோடு சேர்ந்து ஆராய்ந்துவிட்டுத்தான் ஹேஸ்டிங்ஸ் உட்கார்ந்தார், அதுவே அப்புறம் பெரிய சர்ச்சை ஆனது. ஓயாமல் அடிக்கிறவன் அதிகம் கை ஆடுகிறான், அதிகம் தடயம் விடுகிறான். அடக்கி ஆடுகிறவனைப் படிக்க உனக்கு ஒரு மாதம் ஆகும். அடிக்கிறவனைப் படிக்க ஒரு மாலை போதும்.

#7 கணக்குப்பிள்ளை

பெயர்களை விட்டுவிட்டு எண்ணுக்கு வருவோம். பட்டன்பிரியனின் கையிலேயே எல்லாம் இருக்கிறது.

பிளஃப் எத்தனை தடவை பலிக்க வேண்டும் என்பதற்கு ஒரே கணக்கு: போடும் பணத்தை, போடும் பணமும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பாட்டில் பாதி போட்டால் மூன்றில் ஒரு தடவை பலித்தால் போதும். பாட் அளவு போட்டால் பாதிக்குப் பாதி. பாட்டைப்போல் இரண்டு மடங்கு போட்டால் மூன்றில் இரண்டு. ஜோடி இல்லாமல் உள்ளே வரும் சீட்டு, ஃப்ளாப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை ஒரு ஜோடிகூடப் பிடிக்காது. அதனால்தான் ஃப்ளாப்பில் சின்னதாக ஒரு பந்தயம் போடுவது இவ்வளவு லாபம். முதல் ஐந்து வாரம் கொட்டியது அந்தப் பணம்தான். எதிராளிகள் அளவுக்கு மீறிச் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ரிவர். 58ஐ 85.5 பாட்டில் தள்ளினார். 58ஐ 143.5ஆல் வகுத்தால் 40 சதவீதம் சொச்சம். நூற்றில் 41 தடவை அவர் சீட்டைப் போட்டால் லாபம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். கிங்-ஜாக் கையில். 58 கொடுத்தால் மொத்தப் பாட் 201.5. ஆக 29 சதவீதம் ஜெயித்தால் போதும். பட்டன்பிரியன் உண்மையான சீட்டோடு இப்படி ஆடுவது எதையெல்லாம்? இரண்டு ஏஸ் ஆறு வகையில் வரும். ஏஸ்-கிங், ஒரு கிங் மேசையிலும் ஒன்று தன் கையிலும் இருப்பதால், எட்டு வகை. மூன்று கிங் ஒரே வகை. மொத்தம் பதினைந்து. இந்தப் பதினைந்துக்கு எதிரே ஆறு வகைக்கு மேல் பிளஃப் இருந்தாலே கால் லாபம்.

ஒரே ஜாதி ஏஸ்-ஐந்து நான்கு வகை. ஒரே ஜாதி ஏஸ்-மூன்று இன்னொரு நான்கு. அதுவே எட்டு. ஏழு-ஆறு, குயின்-ஜாக், பத்து-ஒன்பதையெல்லாம் நான் இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை. "எந்தச் சீட்டாக இருந்தாலும்" என்று தம்பி முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அவர் ஒரு நிமிடம் யோசித்ததே அதிகம்.

#8 புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம், நான் புதிது. ஒரு சந்தேகம். அப்படியென்றால் பெரிதாகப் போடுவதே தப்பா? கணினி நிரல்கள்கூடப் பாட்டை விடப் பெரிதாகப் போடுகின்றன என்று படித்தேன்.

#9 கணக்குப்பிள்ளை

தப்பே இல்லை. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் லிப்ராடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை நோ-லிமிட் ஹோல்டெமில் ஒருவருக்கு ஒருவர் என்று எதிர்கொண்டது. 20 நாள், 1,20,000 கை. சுமார் 17.6 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்ஸ் முன்னிலையில் முடித்தது. பாட்டைப்போல் பல மடங்கு ஓவர்பெட்டை அது கூசாமல் போட்டது. ஆனால் அதே அளவை அசைக்க முடியாத சீட்டோடும் போட்டது, ஒன்றுமில்லாத சீட்டோடும் போட்டது, இரண்டும் கணக்கான விகிதத்தில். எதிரே இருப்பவர் கால் செய்தாலும் வலிக்கும், சீட்டைப் போட்டாலும் வலிக்கும். நாம் செய்வது என்ன? நல்ல சீட்டு வந்தால் "ஓடிவிடப் போகிறான்" என்று பாதிப் பாட் போடுகிறோம். ஒன்றும் இல்லாதபோது "பயந்து ஓடட்டும்" என்று முழுதாகத் தள்ளுகிறோம். அளவே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு தெருவிலும் (ஃப்ளாப், டர்ன், ரிவர்) பாட் அளவு போட்டால் பாட் ஒவ்வொரு தடவையும் மூன்று மடங்காகும், மூன்று தெரு முடிவில் 27 மடங்கு. ஏழரை பிளைண்டில் ஆரம்பித்த பாட்டில் அப்படிப் போட்டால் 97.5 போயிருக்கும், அதாவது ஏறக்குறைய முழு ஸ்டாக், கையில் இருக்கும் எல்லாச் சிப்ஸும். நல்ல சீட்டோடு இதைச் செய்யாமல் விடுவது பிளஃபில் இழப்பதைவிடப் பெரிய நஷ்டம். அடித்து ஆடுவதில் என் கட்சி இதுதான்: அதிகம் ஆக்ரோஷம் வேண்டியது நல்ல சீட்டுக்கு.

#10 டீப்ஸ்டாக்_தேவி

சிப்ஸே பணமாகிற கேஷ் மேசைக் கணக்கோடு நின்றுவிட்டீர்கள், டோர்னமென்டில் இதே பாணி தங்கச் சுரங்கம். ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன்.

நான்கு பேர் மிச்சம், எல்லோரிடமும் சமமான சிப்ஸ். பரிசு மூன்று பேருக்கு: 50, 30, 20. இப்போது ஒவ்வொருவர் பங்கும் 25. ஒருவர் இன்னொருவரை ஆல்-இன்னில் வீழ்த்தி ஸ்டாக்கை இரட்டிப்பாக்கினால் அவர் பங்கு 50 ஆகுமா? ஆகாது. சிப்ஸ் விகிதப்படி கணக்குப் போட்டால் 38.3தான். தோற்றால் பூஜ்யம். ஆகக் கால் செய்கிறவர் 65 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க வேண்டும். எதிரி கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டு சீட்டையும் தள்ளுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தாலும், வேறு வேறு ஜாதி ஏஸ்-கிங்குக்கு அதற்கு எதிரே 65தான், இரண்டு ஆறு கொண்ட ஜோடிக்கு 63தான். பிளைண்டில் கிடக்கும் சிப்ஸ் கொஞ்சம் மாற்றும், ஆனால் பெரிதாக இல்லை.

புரிகிறதா? தள்ளுகிறவனிடம் குப்பை என்று தெரிந்தும், ஆறு ஜோடியைக் குப்பையில் போட வேண்டிய நிலைமை. அங்கே முதலில் அடிக்கிறவன் ராஜா. நான் பரிசுக்கு ஒரு இடம் முன்னால் ஓயாமல் தள்ளுவேன், வெட்கமே கிடையாது.

ஆனால் ஒன்று. எதிரே இருப்பவருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ஆறு ஜோடியோடு "பார்த்துவிடுவோம்" என்று கால் செய்வார். அவரும் நஷ்டப்படுவார், என்னையும் கூட இழுத்துக்கொண்டு போவார், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் சிரிப்பார்கள்.

#11 மூன்றாம்தெரு

தேவி அக்கா சொன்னதற்கு நூறு லைக்.

புதுவரவுக்கு ஒரு விஷயம். அடிப்பதிலும் இரண்டு வகை. ஃப்ளாப்பில் ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவு என்றால் ரிவருக்குள் 35 சதவீதம் வரும். அதோடு இரண்டு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்தால் பதினைந்து சீட்டு உதவும், 54 சதவீதம், அதாவது ஜோடி பிடித்தவனைவிட நீங்கள்தான் முன்னால். அந்த மாதிரிச் சீட்டோடு ஆல்-இன் போவது தைரியம்கூட இல்லை, சாதாரணக் கணக்கு. அவன் சீட்டைப் போட்டால் பாட், கால் செய்தாலும் பாதிப் பாட் உங்களுடையது. தம்பிக்கு டர்னில் நான்கு மூன்றுகள், தயவு பண்ணினால் மூன்று ஏஸும். 46இல் 7. அந்த 25ஐ நான் குறை சொல்ல மாட்டேன். ரிவரில் வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று, எத்தனை பேர் எதிரே என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் நூற்றில் அறுபது தடவை சீட்டைப் போடுவார்கள் என்று வைத்தால், ஒருவர் எதிரே அருமையான பிளஃப். மூன்று பேர் எதிரே, மூவரும் போடுவது 22 சதவீதம். இதை மறந்துதான் பாதிப் பேர் காலியாகிறார்கள்.

#12 புதுவரவு

என் மேசையில் இப்படி ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் ரெய்ஸ். நான் என்ன செய்யட்டும்? திருப்பி ரெய்ஸ் செய்து பார்த்தேன், இன்னும் மோசமாயிற்று.

#13 கல்பாறை

முதலில் இடம் மாறு. அவர் உனக்கு வலப்பக்கம் வரும்படி உட்கார். அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீ முடிவெடுக்கலாம். அவர் இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு கையும் நரகம்.

அப்புறம், நல்ல சீட்டு வந்தால் அவசரப்படாதே. வழக்கமாக ரெய்ஸ் செய்யும் இடத்தில் கால் செய். கயிறு விட்டுக்கொடு. அவருக்குப் பந்தயம் போட ஆசை, போடட்டும். நீ திருப்பி அடித்தால் குப்பையைப் போட்டுவிட்டு நல்ல சீட்டோடு மட்டும் நிற்பார், அவருக்கு நீயே பாடம் எடுத்த மாதிரி.

கால் செய்யும்போது கை நடுங்கும். சில நாள் தோற்பாய். அவர் கையிலும் சில சமயம் இரண்டு ஏஸ் வரும், 221 கைக்கு ஒரு தடவை, உனக்கு வருவது மாதிரியே.

#14 பட்டன்பிரியன்

கல்பாறை அண்ணா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். காட்டினேன்.

அந்தக் கைக்கு அரை மணி நேரம் முன்னால், ஒன்பது-நான்கு வைத்துக்கொண்டு அதே ஆளை ரிவரில் விரட்டினேன். சீட்டைப் போட்டவர் "குயின் ஜோடி" என்று முணுமுணுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முதலில் நான்கைத் திருப்பினேன், மேசை முழுக்கப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு ஒன்பதையும் திருப்பினேன். ஓரத்தில் இருந்தவர் கைதட்டினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிப்ஸை மட்டும் நேராக அடுக்கினார்.

அவர் கால் செய்ததை கணக்குப்பிள்ளை அண்ணா 29 சதவீதம் என்று விளக்கினார். அவருக்கு அந்தக் கணக்குத் தேவையே பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

#15 கல்பாறை

பார்த்தாயா. அந்தக் கைதட்டலுக்கு நூறு பிளைண்ட் கொடுத்திருக்கிறாய்.

#16 டீப்ஸ்டாக்_தேவி

அண்ணா, கொடுத்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது விளம்பரச் செலவு. விளம்பரம் கொடுத்துவிட்டுச் சரக்கு இல்லாமல் கடை திறந்ததுதான் தம்பி செய்த தப்பு. "இவன் எப்போதும் பிளஃப்" என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் அன்று இரவு முழுக்க அவரிடம் பிளஃபை நிறுத்த வேண்டும், நல்ல சீட்டை இரண்டு மடங்கு பெரிதாகப் போட வேண்டும். அடித்து ஆடுகிறவர்களின் உண்மையான வருமானம் அதில்தான். யாரும் நம்பாததால் ஏஸ் ஜோடிக்கு முழு ஸ்டாக் வரும். கல்பாறை அண்ணன் ரெய்ஸ் செய்தால் மேசையே எழுந்து டீ குடிக்கப் போய்விடும்!

#17 கல்பாறை

அது உண்மை. போன வாரம் இரண்டு ஏஸ் வந்தது. கிடைத்தது ஒன்றரை பிளைண்ட்.

#18 கணக்குப்பிள்ளை

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்ற இறக்கம் இந்தப் பாணியில் மிக அதிகம், அதே திறமைக்கு அடக்கி ஆடுகிறவனைவிடப் பெரிய பண இருப்பு வேண்டும். ஐந்து வார லாபமும் சரி, ஏழு வார நஷ்டமும் சரி, இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தோற்றதைப் பிடிக்க அடிக்கிறோமா, எதிராளி சீட்டைப் போடுவார் என்று அடிக்கிறோமா என்பது அந்த நிமிடம் நமக்கே தெரியாது. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: ரிவரில் தள்ளுவதற்கு முன்னால், அவர் போடக்கூடிய சீட்டு இரண்டையாவது மனதுக்குள் பெயர் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் செக்.

#19 பட்டன்பிரியன்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். அதே மேசை, அதே ஆள், அதே வலப்பக்கம்.

இந்தத் தடவை ஏஸ்-கிங். அவர் ரெய்ஸ், நான் 10, கால். ஃப்ளாப்பில் கிங், ஒன்பது, மூன்று. போன வாரத்தின் அதே சட்டையை எடுத்துப் போட்ட மாதிரி ஆடினேன். 7, கால். டர்னில் 25, கால். ரிவரில் ஒன்றும் மாறவில்லை, 58 மீதி. தள்ளும்முன் கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னபடி அவர் போடக்கூடிய சீட்டைத் தேடினேன், ஒன்றுகூடத் தோன்றவில்லை. நல்ல சீட்டு கையில் இருக்கும்போது அதுவே சந்தோஷமான சேதி என்று அப்போதுதான் உறைத்தது. தள்ளினேன்.

இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, சிப்ஸை வீசினார். கிங்-குயின். என் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த ஒன்பது-நான்கு?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

#20 கல்பாறை

இப்போது அவருக்கு உன்னிடம் நல்ல சீட்டும் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் பிளஃபைக் கொஞ்சமாக ஆரம்பி. ஒன்பது-நான்கோடு வேண்டாம்.